நிணநீர்ச் செல்களுக்கு நடுவே செமினோமா: தர்மபுரியில் ஒரு விரைப்புற்றின் கட்டிச் செல்களைப் பிரித்தெடுத்த நிகழ்வு ஆய்வு

செமினோமா என்ற விரைப்புற்று வகையின் ஒரே பாரஃபின் பிளாக்கிலிருந்து (மெழுகில் பதித்து வைத்த திசுத் துண்டு) எடுத்த டி.என்.ஏ. முதல் சோதனையில் மாற்றம் எதையும் காட்டவில்லை. அதே பிளாக்கில் கட்டிச் செல்களை மட்டும் தனியே பிரித்தெடுத்துச் சோதித்தபோது தெளிவான மரபணு மாற்றம் தெரிந்தது. அந்த நிகழ்வை, தர்மபுரியில் உள்ள ஒரு திசு நோயியல் ஆய்வகத்திலிருந்து இங்கே பதிவு செய்கிறேன். விரைப்புற்றைப் பற்றிய மூலக்கூறு ஆய்வுகளில் வரிசைப்படுத்தும் கருவிகளைப் பற்றி நிறையப் பேசப்படுகிறது. அந்தக் கருவிக்குள் எந்தச் செல்லின் டி.என்.ஏ. போகிறது என்பதை முடிவு செய்யும் மேசை வேலையைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகக் குறைவு என்பதால், அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நோயாளியின் ஒப்புதல் பெறப்பட்டுள்ளது. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

நோயாளி

பாலக்கோடு வட்டத்தைச் சேர்ந்த 29 வயது ஆண். தக்காளிச் சந்தையில் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை செய்பவர். இடது விரை சில மாதங்களாகக் கனத்து வந்ததைச் சுமை தூக்கியதால் வந்த வீக்கம் என்று கருதி, வலி இல்லாததால் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மனைவி வற்புறுத்திய பின் மருத்துவரிடம் சென்றபோது, ஓதமாக (விரையைச் சுற்றி நீர் சேர்வது) இருக்கலாம் என்று முதலில் எண்ணப்பட்டு, டார்ச் ஒளி வீக்கத்தின் ஊடே வராததால் அல்ட்ராசவுண்ட் எடுக்கப்பட்டது. விரைக்குள்ளேயே திடக்கட்டி இருந்தது. வலியில்லாத கட்டி என்பதே இந்த நோயின் வழக்கமான தோற்றம் என்றாலும், வலியில்லாததையே நம் பக்கத்து ஆண்கள் ஆபத்தில்லாததற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள்; கூச்சமும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது.

விரைக்கட்டிக்கு அடையாளமாக இரத்தத்தில் பார்க்கும் பொருள்களில், அறுவைக்கு முன் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் ஒரு மில்லிலிட்டருக்கு 212 நானோகிராம் (இயல்பை விட மிக அதிகம்), பீட்டா எச்.சி.ஜி. இயல்பை விடச் சற்றே கூடுதல், எல்.டி.எச். இயல்பு. விரைப்பையைத் தொடாமல், கவட்டை வழியாக, விந்து நாணை மேலேயே கட்டி, விரை முழுமையாக அகற்றப்பட்டது. விரைப்பை வழியாக ஊசியோ கத்தியோ போனால் நிணநீர் வடியும் பாதையே மாறிவிடக்கூடும் என்பதால், இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்த அறுவை மருத்துவருக்கு நோயாளி கடன்பட்டிருக்கிறார்.

உறுப்பு வந்து சேர்ந்த நிலை

அறுவை சரியாக நடந்தாலும், அகற்றிய உறுப்பு அனுப்பப்பட்ட விதம் சரியாக இல்லை. ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து வந்த அந்த விரை, வெட்டித் திறக்கப்படாமல், வாய் குறுகிய ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில், உறுப்பை மூடும் அளவுக்கு மட்டுமே ஊற்றிய ஃபார்மலினில் (திசுவைப் பதப்படுத்தும் திரவம்) மறுநாள் மாலை வந்து சேர்ந்தது. விரையைச் சுற்றியுள்ள வெண்ணுறை தடிமனானது. ஃபார்மலின் திசுவுக்குள் ஏறும் வேகமோ மணிக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். உறுப்பை நீளவாக்கில் ஒரு முறை பிளந்து, அதன் அளவைப் போல் பத்து மடங்காவது 10 சதவீதத் தாங்கல் ஃபார்மலினில் (அமிலத்தன்மை மாறாமல் தாங்கும் உப்புகள் கலந்தது) மூழ்கவைத்திருந்தால் இடர் ஏதும் இருந்திருக்காது. பிளக்காமல் விட்டதால், நாங்கள் திறந்தபோது வெளிவிளிம்பு நன்றாகப் பதமாகியும், நடுப்பகுதி கோடை வெப்பத்தில் தானே சிதையத் தொடங்கியும் இருந்தது.

திறப்பதற்கு முன் விந்து நாணின் வெட்டு விளிம்பைத் தனியே எடுத்து வைத்தோம். செமினோமாச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதவை. கத்தி பட்டதும் வெண்ணெய் போல அலகில் அப்பிக்கொண்டு, போகும் இடமெல்லாம் தடம் விடும். முதலில் கட்டியை வெட்டிவிட்டுப் பிறகு நாணை வெட்டினால், அங்கே இல்லாத செல்கள் நாணின் இரத்தக் குழாய்களுக்குள் இருப்பதுபோலத் தெரிந்து, நோயின் நிலையே தவறாகக் கணிக்கப்படலாம். மூலக்கூறு ஆய்வுக்கு இது இன்னும் பெரிய இடர். நாணிலிருந்து இயல்பான திசு என்று எடுத்து ஒப்பீட்டுக்கு வைக்கும் டி.என்.ஏ.வில் கட்டியின் டி.என்.ஏ. கலந்திருந்தால், கட்டியின் மாற்றம் பிறவியிலேயே இருந்த மாற்றம் என்று கழித்துவிடப்படும். ஆகவே இந்த நோயாளிக்கு ஒப்பீட்டு மாதிரியாக இரத்தத்தையே பயன்படுத்தினோம்.

கட்டி 4.5 சென்டிமீட்டர்; வெட்டுமுகம் வெளிறிய பழுப்பு, ஒரே சீர். முதலில் எடுத்த பிளாக்குகளில் தெரிந்தது செமினோமா மட்டுமே: தெளிந்த சைட்டோபிளாசமும் பெரிய உட்கருவும் கொண்ட செல் கூட்டங்கள், அவற்றைப் பிரிக்கும் மெல்லிய நார்த் தடுப்புகள், அந்தத் தடுப்புகள் நெடுகிலும் அடர்ந்த லிம்போசைட்டுகள் (நிணநீர்ச் செல்கள்). ஆனால் தூய செமினோமா ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீனைச் சுரப்பதில்லை. 212 என்ற எண்ணும் நுண்ணோக்கியில் தெரியும் படமும் ஒத்துப்போகாதபோது எண்ணை நம்புவதே முறை. மீதமிருந்த கட்டி முழுவதையும் பிளாக்குகளாக்கினோம். வெளிவிளிம்பில் இருந்த ஒரு பிளாக்கில், 6 மில்லிமீட்டர் அளவில், வலைப்பின்னல் அமைப்பும் ஷில்லர்-டுவல் உருக்களும் (இந்த வகையின் அடையாள அமைப்பு) கொண்ட யோக் சாக் கட்டி கிடைத்தது; ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீனைச் சுரக்கும் வேறொரு விரைப்புற்று வகை இது. வகைகளைப் பிரித்தறியச் சாயமிட்டுப் பார்க்கும் புரதங்களில் கிளிப்பிக்கான் 3 அதில் நேர்மறை, ஆக்ட் 3/4 எதிர்மறை. செமினோமாப் பகுதியில் ஆக்ட் 3/4, கிட் இரண்டும் நேர்மறை. கட்டியை ஒட்டிய விந்துக் குழல்கள் சிலவற்றில், அடிச்சவ்வை ஒட்டி வரிசையாக, புற்றாவதற்கு முந்தைய உயிரணுக்கள் இருந்தன. மலட்டுத்தன்மைக்காகத் திசு எடுக்கப்பட்ட ஆண்களிடம் டென்மார்க்கின் ஸ்காக்கபேக் 1972இல் விவரித்த அதே செல்கள்தான் இவை.

நோயறிதல் இவ்வாறு கலப்புக் கட்டியாக மாறியது. அறுவைக்கு மூன்று வாரங்களுக்குப் பின் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் 96. அதன் அரை ஆயுள் 5 முதல் 7 நாள். எல்லா நோயும் அகற்றப்பட்டிருந்தால் அதற்குள் அது 27க்கும் கீழே வந்திருக்க வேண்டும். சி.டி. ஸ்கேனில் இடது சிறுநீரகச் சிரைக்குக் கீழே, பெருந்தமனியை ஒட்டி, 2.4 சென்டிமீட்டர் நிணநீர்க் கணு தெரிந்தது. இடது விரையின் நிணநீர் முதலில் வடிவது அங்கேதான். சேலத்தில் விந்தைச் சேமித்துவைத்த பின், பிளியோமைசின், எட்டோபோசைடு, சிஸ்பிளாட்டின் மூன்று சுற்றுகள் தரப்பட்டன. ஐன்ஹார்னும் டோனஹியூவும் 1977இல் சிஸ்பிளாட்டின் கூட்டு மருந்தின் விளைவை வெளியிடும் வரை, பரவிய விரைப்புற்று இளைஞர்களைப் பெரும்பாலும் கொன்றுவிடும் நோயாகவே இருந்தது என்பதை இன்று பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் இருக்கும் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புற்று என்ற பெயரைக் கேட்டவுடன் வைத்தியத்தையே கைவிட நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முதல் சோதனை ஏன் எதையும் காட்டவில்லை

விரைப்புற்றில், செல் வளர்ச்சியைத் தூண்டும் கிட் மரபணுவைப் பார்க்கும் ஆய்வு ஒன்றிற்காக, நோயாளியின் ஒப்புதலோடு, ஒரு செமினோமா பிளாக்கிலிருந்து முழுச் சீவல்கள் பெங்களூருக்கு அனுப்பப்பட்டன. அங்கே சீவல் முழுவதையும் சுரண்டி டி.என்.ஏ. எடுத்து, கிட்டின் 17ஆம் எக்ஸான் என்ற பகுதியை, டி.என்.ஏ. எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் சாங்கர் முறையில் வரிசைப்படுத்தினார்கள். மாற்றம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது.

அந்தச் சீவலை மறுபடி பார்த்தபோது காரணம் கண்முன்னே இருந்தது. குறைந்த உருப்பெருக்கத்தில் பார்த்தால் கட்டியே முழு இடத்தையும் அடைத்திருப்பதாகத் தோன்றும். செமினோமாச் செல் பெரியது, இடம் நிறைய எடுக்கும். உயர்ந்த உருப்பெருக்கத்தில் உட்கருக்களை எண்ணினால், ஐந்தில் ஒன்றே கட்டியுடையது; மற்றவை லிம்போசைட்டுகளும் நார்ச்செல்களும். டி.என்.ஏ. உட்கருக் கணக்கில்தான் வருகிறது, பரப்புக் கணக்கில் வருவதில்லை. செமினோமாச் செல்லில் குரோமோசோம்கள் பெரும்பாலும் மும்மடங்கை ஒட்டி இருக்கும். மரபணுவின் மூன்று நகல்களில் ஒன்றில் மட்டும் மாற்றம் இருப்பதாகக் கொண்டால், 20 சதவீதக் கட்டி உட்கரு உள்ள மாதிரியில் மாற்றம் ஏறத்தாழ 9 சதவீதமாகவே தெரியும். சாங்கர் முறை 15 முதல் 20 சதவீதத்திற்குக் கீழே நம்பகமாகக் காட்டாது. கட்டி உட்கருக்களை 80 சதவீதமாக உயர்த்திவிட்டால் அதே மாற்றம் 29 சதவீதத்தை ஒட்டி வரும். கருவியை மாற்றாமல், வேதிப்பொருளை மாற்றாமல், உள்ளே போகும் செல்களை மட்டும் மாற்றினால் விடை மாறுகிறது.

பிரித்தெடுத்த முறை

லேசர் நுண்பிரிப்பு 1996இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் உருவானது. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலத்தை அகச்சிவப்பு லேசரால் உருக்கி, வேண்டிய செல்லோடு ஒட்டவைத்துத் தூக்கும் முறை அது. பின்னர் புற ஊதா லேசரால் செல்லைச் சுற்றி வெட்டும் கருவிகளும் வந்தன. எங்களிடம் அந்தக் கருவி கிடையாது. ஆனால் செமினோமாவையும் யோக் சாக் கட்டியையும் பிரிக்க அது கட்டாயமும் அல்ல; ஸ்டீரியோ நுண்ணோக்கியும், 26 கேஜ் ஊசியும், அவசரப்படாத கையும் போதும்.

முதல் முடிவு, எந்த பிளாக்கை எடுப்பது என்பது. நடுப்பகுதி பிளாக்குகளில் செல் வடிவம் ஓரளவு தெரிந்தாலும், அவற்றின் டி.என்.ஏ. மிகச் சிறு துண்டுகளாக உடைந்திருந்தது. வெளிவிளிம்பு பிளாக்குகள் 200 கார இணை நீளத் துண்டையும் பெருக்க இடம் கொடுத்தன. கட்டி எங்கே செறிந்திருக்கிறது என்று மட்டும் பார்க்காமல், எங்கே பதமாகியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்து விளிம்பு பிளாக்குகளைத் தேர்ந்தோம். பாட்டிலில் நடந்த தவறு இங்கே வந்துதான் முழுவதும் தெரிகிறது: பாதிக் கட்டி ஆய்வுக்கு உதவாமல் போயிற்று.

ஒவ்வொரு பிளாக்குக்கும் மைக்ரோடோம் என்ற சீவும் கருவியின் அலகைப் புதிதாக மாற்றி, இடையில் வெற்றுப் பாரஃபின் ஒன்றைச் சீவி அதையும் ஒரு குழாயில் போட்டு வைத்தோம். அந்த வெற்றுக் குழாயில் மனித டி.என்.ஏ. பெருகினால் மற்ற எதையும் நம்ப முடியாது. சீவல் 8 மைக்ரான். வழக்கமான 4 மைக்ரானில் செமினோமாவின் பெரிய உட்கருக்கள் துண்டாகிப் போய், கிடைக்கும் டி.என்.ஏ. குறைந்துவிடுகிறது. ஓர் இயல்பான செல்லில் இருப்பதே 6.6 பிகோகிராம்தான் என்பதால், சில ஆயிரம் செல்களாவது சேராமல் குழாயை மூடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். முதலிலும் கடைசியிலும் ஒரு மெல்லிய சீவலை எடுத்து, சாயமிட்டு, கண்ணாடி மூடி வழிகாட்டியாக வைத்தோம். நடுவே வந்த தடித்த சீவல்கள் மூடப்படாமல், சைலீனில் பாரஃபின் நீக்கப்பட்டு, ஹெமடாக்சிலினால் மிக இலேசாக மட்டும் சாயமேற்றப்பட்டன. சாயம் கூடினால் படம் அழகாகத் தெரியும், டி.என்.ஏ. பெருக்கம் தடைபடும்.

சீவலைக் கிளிசரின் கலந்த நீரால் ஈரப்படுத்திய பிறகே ஊசி வைக்க வேண்டும். உலர்ந்த சீவலில் ஊசி பட்டால் செல்கள் தூசியாகத் தெறித்துப் பக்கத்துப் பகுதியில் விழும். ஏப்ரல் மாதத் தர்மபுரியின் காற்றில் சீவல் உலர அதிக நேரம் ஆகாது, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலை செய்ய வேண்டியிருந்தது. செமினோமாவில் நார்த் தடுப்புகளை முதலில் சுரண்டி அப்புறப்படுத்தினோம், ஏனெனில் லிம்போசைட்டுகள் அந்தத் தடுப்புகளின் வழியேதான் அடர்ந்திருக்கின்றன. மீந்த செல் தீவுகளை அதன்பின் புதிய ஊசியால் எடுத்தோம். கட்டியை எடுப்பதை விடக் கட்டியல்லாததை முதலில் நீக்குவது இந்தத் திசுவுக்கு நன்றாக ஒத்துவருகிறது. செமினோமாச் செல் கூட்டங்களுக்குள்ளேயே புகுந்துவிட்ட லிம்போசைட்டுகளை ஊசியால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் 100 சதவீதம் என்ற இலக்கு இங்கே பொருளற்றது. யோக் சாக் பகுதியில் லிம்போசைட்டுகள் மிகக் குறைவு. அதன் எல்லையை மட்டும் மதித்து, செமினோமாவைத் தொடும் விளிம்பை விட்டுவிட்டு நடுப்பகுதியை எடுத்தோம். செல்கள் புரோட்டினேஸ் கே கரைசலில் 56 டிகிரியில் இரவு முழுவதும் செரிக்கவைக்கப்பட்டு, ஃபார்மலின் போட்ட குறுக்குப் பிணைப்புகளை அவிழ்ப்பதற்காக 90 டிகிரியில் ஒரு மணி நேரம் வைக்கப்பட்டன.

புற்றாவதற்கு முந்தைய செல்களைக் கொண்ட விந்துக் குழல்களில் இந்த முறை தோற்றது. அந்தச் செல்கள் அடிச்சவ்வை ஒட்டி ஒற்றை வரிசையில் நிற்க, உள்ளே விந்தணுக்களைப் பேணும் செர்ட்டோலிச் செல்கள் நிறைந்திருக்கின்றன; ஊசிக்குக் குழல் முழுவதும் வருமே தவிர வரிசை மட்டும் வராது. ஆக்ட் 3/4 சாயத்தை வழிகாட்டியாக வைத்து லேசரால் மட்டுமே செய்யக்கூடிய வேலை அது. படலம் பூசிய ஸ்லைடுகளில் தனிச் சீவல்கள் எடுத்து, லேசர் கருவி உள்ள இடத்திற்கு அனுப்பியிருக்கிறோம்.

எல்லாக் கேள்விக்கும் பிரித்தெடுத்தல் வேண்டும் என்பதும் இல்லை. 12ஆம் குரோமோசோமின் குறுங்கை இரட்டிப்பாகிக் கூடியிருக்கிறதா என்பதைச் செல்லுக்குச் செல் கண்ணாலேயே பார்த்துச் சொல்லும் ஃபிஷ் முறைக்கு, லிம்போசைட்டுகள் பக்கத்தில் இருப்பது தடையே அல்ல. சரியாகச் சாயம் ஏறியதற்கு அவையே உள் ஒப்பீடாகவும் அமைகின்றன. ஆகவே அந்தக் கேள்விக்கு ஊசியைத் தொடாமல் ஃபிஷ் முறையையே கேட்டோம்.

கிடைத்தவை

பிரித்தெடுத்த செமினோமாச் செல்களில் கிட் மரபணுவின் 816ஆம் இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலத்திற்குப் பதிலாக வேலின் வரும் மாற்றம் தெரிந்தது. தனித்தனியாகச் சுரண்டிய இரண்டு குழாய்களிலும் அதே மாற்றம், இரத்தத்தில் இல்லை, வெற்றுக் குழாயில் பெருக்கமே இல்லை. ஃபார்மலினில் பழுதான டி.என்.ஏ. பொய்யான மாற்றங்களைக் காட்டும் என்பது தெரிந்ததே. ஆனால் அப்படி வருபவை பெரும்பாலும் சைட்டோசின் தைமினாக மாறியதாகவே தெரியும். இங்கே அடினின் தைமினாகியிருக்கிறது. இரு குழாய்களிலும் ஒத்துவந்ததோடு இதையும் சேர்த்துப் பார்க்கையில், மாற்றம் உண்மையானது என்று துணிந்து எழுத முடிந்தது.

யோக் சாக் பகுதியில் அந்த மாற்றம் இல்லை. ஃபிஷ் முறையிலோ இரு பகுதிகளிலும் 12ஆம் குரோமோசோமின் குறுங்கை கூடியிருந்தது. அட்கினும் பேக்கரும் 1982இல் விரைக்கட்டிகளில் கண்ட, இரு பக்கமும் அதே குறுங்கையைக் கொண்ட ஐசோகுரோமோசோமின் தடம் இது. வயது வந்த ஆண்களின் இத்தகைய விரைக்கட்டிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் இருப்பதால், இது மட்டும் இரு பகுதிகளும் ஒரே வித்திலிருந்து வந்தவை என்று நிறுவாது; ஆனால் அந்த எண்ணத்தோடு ஒத்துப்போகிறது. கிட் மாற்றம் பிரிந்த பின் செமினோமாக் கிளையில் வந்ததாக இருக்கலாம். 2018இல் வெளிவந்த புற்று மரபணுத் தொகுப்புத் திட்டத்தின் ஆய்வு, 137 விரைக்கட்டிகளைப் பார்த்து, கிட் மாற்றத்தைச் செமினோமாக்களோடு இணைத்தது. எங்கள் நோயாளி அந்த ஒழுங்கைத் தன் ஒரே கட்டிக்குள் காட்டுகிறார். முழுச் சீவலாக ஒன்றாகச் சுரண்டியிருந்தால் இந்த வேறுபாடு யாருக்கும் தெரிந்திருக்காது. யோக் சாக் பகுதி சிறியது, கிடைத்த டி.என்.ஏ. குறைவு என்பதால், அங்கே மாற்றம் இல்லை என்ற முடிவுக்கு நான் கொடுக்கும் எடை, செமினோமாவில் உண்டு என்ற முடிவுக்குக் கொடுக்கும் எடையை விடக் குறைவு.

ஒப்புதல் கேட்டபோது நோயாளி, "இதனால எனக்கு என்ன சார் மாறும்?" என்று கேட்டார். உங்கள் மருந்து மாறாது என்றே சொன்னோம், அதுவே உண்மை. 816ஆம் இடத்தின் இந்த மாற்றம், கிட் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்துக்குக் கட்டுப்படுவதும் இல்லை. சிஸ்பிளாட்டின் இருக்கும்வரை அந்த மருந்தை நாடும் தேவையும் அவருக்கு இல்லை. அவருடைய சிகிச்சையைத் திருப்பியது 212 என்ற எண்ணும், அதை நம்பி மீதிக் கட்டியை முழுவதும் பார்த்ததும்தான். மூலக்கூறு ஆய்வின் பயன், சிஸ்பிளாட்டினுக்கும் அடங்காத சிலருக்கு வழி தேடுபவர்களுக்குப் போகிறது. அப்படியானால் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். மூன்று சுற்று மருந்துக்குப் பின் அவருடைய ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் இயல்புக்கு வந்தது. கணு 1 சென்டிமீட்டருக்கும் கீழே சுருங்கியது. தொடர் கண்காணிப்பில் இருக்கிறார்.

இனிமேல்

உயிருள்ள செல்களைப் பிரிப்பதே ஆய்வுக்கு மேலும் வளமானது: புதிய திசுவைக் கொலாஜினேஸால் கலைத்து, சி.டி. 45 எதிர்ப்பொருள் பூசிய காந்த மணிகளால் வெள்ளணுக்களை நீக்கி, எஞ்சியவற்றிலிருந்து கிட் நேர்மறைச் செல்களைப் பிரிக்கலாம். ஆனால் செமினோமாச் செல்கள் உடலுக்கு வெளியே விரைவில் இறந்துவிடுகின்றன. உலகெங்கும் செமினோமா ஆய்வு ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்கப்படும் டி-கேம்-2 என்ற ஒரு செல் வரிசையை இவ்வளவு நம்பியிருப்பதற்கும் அதுவே காரணம். கட்டியிலிருந்து ஒரு துண்டை அறுவை அறையிலேயே உறையவைத்தால், உயிர் போனாலும் உட்கருக்களையாவது காப்பாற்றலாம். அதற்குத் திரவ நைட்ரஜன் வேண்டும் என்றவுடன் இது பெருநகர வேலை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கால்நடை மருந்தகங்களில், மாடுகளுக்குச் சினை ஊசி போடுவதற்கான உறைவிந்துக் குச்சிகள் -196 டிகிரி திரவ நைட்ரஜன் கலன்களில்தான் ஊருக்கு ஊர் வந்து சேர்கின்றன. நைட்ரஜனை நிரப்பித் தரும் வழியும், கலனைக் கையாளத் தெரிந்த ஆட்களும் இங்கேயே இருக்கிறார்கள். இரண்டு துறைகள் பேசிக்கொண்டால் போதும்.

அதற்கு முன், இன்றே செய்யக்கூடிய ஒன்றைச் செய்திருக்கிறோம். விரை அகற்றும் அறுவை மருத்துவர்களுக்கு அனுப்பும் படிவத்தில் நான்கு கேள்விகளைச் சேர்த்துள்ளோம்: உறுப்பு உடலிலிருந்து வெளிவந்த நேரம், ஃபார்மலினில் இட்ட நேரம், நீளவாக்கில் பிளக்கப்பட்டதா, ஃபார்மலின் தாங்கல் கலந்ததா. பிளப்பதற்குத் தயங்குபவர்கள் உறுப்பை ஐஸ் பெட்டியில், ஃபார்மலின் இல்லாமல், உடனே அனுப்பினால் பிளப்பதை நாங்களே செய்துகொள்கிறோம் என்றும், இரவு எந்த நேரமானாலும் பெற்றுக்கொள்ள ஆள் இருப்பார் என்றும் படிவத்தின் கீழே எழுதியிருக்கிறோம்.